இறங்கும் வளைவில் எவரும் இறங்காத நாள்

எதிரே ஓர் அணி அமர்ந்திருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். கல்லூரி மேடைகளில் அப்படியே வளர்ந்தவள் நான். ஆகவே, பழைய காரின் எஞ்சின் ஆற்றலைக் குறைந்த செலவில் கூட்டுவது எப்படி என்று எங்கள் பணிமனைச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி இளைய மெக்கானிக்குகள் கேட்டதும், எதிரணியைத்தான் முதலில் தேடினேன். இரண்டு அணிகள் கிடைத்தன. "பழைய காருக்கு எதற்குச் செலவு? விற்றுவிட்டு வேறு வாங்கு" என்பது ஓர் அணி. "பெரிய கார்புரேட்டரைப் போடு, சைலன்சரைக் கழற்றி எறி, வண்டி பறக்கும்" என்பது மற்றோர் அணி. இரண்டையும் எதிர்த்துத் தனியே நிற்க எனக்கு உரிமை உண்டு. கோவையில் கணபதிப் பகுதியில் ஒரு பணிமனையில், பழைய எஞ்சின்கள் மூச்சு விடுவதைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவள் நான்.

முப்பத்தேழு வயதில் பணி ஓய்வு என்றால் சிலர் சிரிக்கிறார்கள். ஓய்வு பெற்றது நானல்ல, என் காது. எஞ்சினுக்குள் எரிபொருள் முறை தவறி வெடிக்கும்போது மெல்லிய உலோக ஒலி ஒன்று எழும். காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற ஒலி அது. நாங்கள் அதை 'நாக்கிங்' என்போம். மற்ற எல்லாச் சத்தங்களுக்கும் நடுவே அந்தக் கடுகைப் பிரித்துக் கேட்பவளுக்கே வண்டியை "சரி" என்று வெளியே அனுப்பும் தகுதி உண்டு. அந்த மெல்லிய உயர்சுருதி ஒலிகள் இரு காதிலும் மங்கிவிட்டன என்று மருத்துவர் சொன்ன வாரமே நான் கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டேன். இப்போது அதே வேலையை ஒரு சென்சாரும் மடிக்கணினியும் செய்கின்றன. என்னைவிட நன்றாகவே செய்கின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை. கடுகு பொரிவதை யார் கேட்டால் என்ன? எஞ்சின் பிழைக்க வேண்டும், அவ்வளவே.

பயிற்சிக் காலத்தை நீட்டப் போவதில்லை. சரவணம்பட்டியில் பொறியியல் படித்தேன். வகுப்பில் இருந்ததைவிட மேடையில் நின்றது அதிகம். கோப்பைகளை வைக்க வீட்டில் இடமில்லாமல் அம்மா அவற்றில் பருப்பும் மிளகாயும் போட்டு வைத்தார். படிப்பு முடிந்ததும் உடன் படித்தவர்கள் பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நுழைந்தார்கள். நான் கணபதிக்கு வந்தேன். முதல் சில ஆண்டுகளின் கதை இவ்வளவுதான்: கழுவினேன், கழற்றினேன், அளந்தேன், தவறாக அளந்தேன், மறுபடியும் அளந்தேன்.

எங்கள் பணிமனைத் தலைவர் சலீம். கோட்டைமேட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் பாய். நான் மட்டும் அண்ணா என்பேன். கோவையில் மரியாதை மலிவு என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. அவர் அந்த மரியாதையை எஞ்சினுக்கும் தருவார். எஞ்சின் அவருக்கு 'அது' அல்ல, 'அவரு'. காலையில் வந்த வண்டியில் உடனே அளவுமானியைச் செருகப் போன என்னை ஒருமுறை நிறுத்தினார்.

"அவரு சூடாகட்டுங்க அம்மணி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டா வாய்க்கு வந்ததைத்தான் சொல்லுவாரு."

அவர் முறை இது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓட விடுவார். பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்பது மாறாதபடி ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்குவார். உள்ளே நெருப்பு எரிந்த விதத்தைச் சொல்லும் அந்த நான்கின் நிறத்தையும் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பார். வாடிக்கையாளர் பொறுமை இழந்து ஏதாவது கேட்டால், "படிச்சுட்டிருக்கேனுங்க" என்பார். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பார். ஒன்று குறைந்தால் அதில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி அளப்பார். அளவு ஏறினால் பிஸ்டன் வளையத்தில் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வில் கசிவு. ஒரு கரண்டி எண்ணெய், திறக்காத இரும்புக்குள் இருக்கும் நோயைப் பிரித்துச் சொல்லிவிடும். அதை முதல்முறை கண்ட அன்று, நான் வாங்கிய கோப்பைகளில் ஒன்றையாவது அந்தக் கரண்டிக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

இன்னொரு வழக்கம் இருந்தது. அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் இந்தப் பணிமனையை நான் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆசையோடும் சிறிய தொகையோடும் ஒருவர் வந்தால் அவருடைய காருக்கு 'வழக்கு' வைப்பார்கள். எந்தப் பொருளுக்குச் செலவு செய்வதானாலும் ஒருவர் அதை ஆதரித்துப் பேச வேண்டும். இன்னொருவர் எதிர்த்துப் பேச வேண்டும். பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய பின்னிருக்கையில் வண்டிக்காரர் நடுவராக அமர்வார். தீர்ப்பு அவருடையது. சலீம் அண்ணன் எப்போதும் எதிர்ப்பணி. முந்தின நாள் தாமே சொன்ன யோசனையையும் மறுநாள் எதிர்த்து நிற்பார். ஒருமுறை நான் அதைச் சுட்டிக்காட்டினேன்.

"நேத்து சொன்னவனும் நானுங்க. இன்னைக்கு எதுக்கறவனும் நானுங்க. என்ற வாய்க்கே தப்பிச்சு நின்னுச்சுன்னா, அந்தச் செலவைச் செய்யலாமுங்க."

மேடையில் வெற்றிக்காக வாதிட்டுப் பழகியவளுக்கு, உண்மையைச் சோதிக்க வாதிடுவது புதிது. ஆனால் அந்த மேடையிலும் நான் அதிகம் தோற்கவில்லை.

வேலையில் என்னை முதலில் திகைக்க வைத்தது மிகச் சிறிய ஒன்று. மேட்டில் தன் கார் இழுக்கவே மாட்டேன் என்கிறது, எஞ்சினையே மாற்ற வேண்டும் என்று ஓர் இளைஞர் வந்தார். எல்லாம் அளந்தோம், எல்லாம் நலம். சலீம் அண்ணன் அவரை உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொன்னார். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயை என்னைப் பார்க்கச் சொன்னார். காற்று நுழையும் இடத்தில் ஒரு வட்டத் தகடு இருக்கும். மிதிக்க மிதிக்க அது கதவுபோல் திறக்க வேண்டும். அது பாதிதான் திறந்தது. இழுக்கும் கேபிள் தளர்ந்திருந்தது. மிதிக்கு அடியில் தடித்த விரிப்பும் கிடந்தது. கேபிளை இறுக்கினார், விரிப்பை எடுத்தார். அந்த இளைஞர் ஒரு சுற்று போய்வந்து வண்டியை நிறுத்தியபோது அவர் முகத்தில் கொஞ்சம் பயமே இருந்தது. வாங்கிய நாளிலிருந்து பாதிக் காரைத்தான் அவர் ஓட்டியிருக்கிறார்.

அன்று எனக்குப் புரிந்தது, எஞ்சின் பெட்ரோலைத் தின்னும் பிராணி அல்ல; காற்றைத் தின்னும் பிராணி. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஒரு சிற்றறை கொள்ளும் காற்று வேண்டும். எண்ணிப் பாருங்கள். பொள்ளாச்சிக்குப் போய்வரும் ஒரு சாதாரணக் கார் வழியெங்கும் அறை அறையாகக் காற்றை விழுங்கிக்கொண்டே போகிறது. அந்தக் காற்றைத் தடையின்றி உள்ளே விடுவதும், உள்ளே வந்ததை நன்றாக அழுத்துவதும், சரியான கணத்தில் பொறி வைப்பதும், எரிந்ததைத் தடையின்றி வெளியே அனுப்புவதுமே ஆற்றல். இந்த நான்குக்கு வெளியே எந்த மந்திரமும் இல்லை. இந்த நான்குமே எனக்கு இன்றும் மந்திரம்தான்.

இனி அந்தப் பெரிய வழக்கு.

பொள்ளாச்சியிலிருந்து பழனிச்சாமி என்ற கணக்காசிரியர் தம் தந்தை காலத்துக் காரில் வந்தார். அவரோடு வந்தவர் ஜெசிந்தா டீச்சர். வேதியியல் ஆசிரியை, வலக்கால் இளம்பிள்ளை வாதத்தில் மெலிந்து, இரும்புப் பட்டை அணிந்தவர். இருவரும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் வால்பாறை மலையில் ஒரு பள்ளியில் பணி. திங்களன்று நால்வரும் அந்தக் காரில் ஏறிப் போவார்கள். வாரம் முழுவதும் அங்கே தங்கி வெள்ளியன்று இறங்கி வருவார்கள். ஆழியாறு தாண்டி, பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. மற்ற எல்லா வளைவுகளையும் முனகிக்கொண்டாவது ஏறும் கார், அங்கே மட்டும் நின்றுவிடும். இருவர் இறங்கி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, வண்டி எடை குறைந்து ஏறியதும் பின்னாலேயே நடந்து போய் ஏறிக்கொள்வார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'இறங்கும் வளைவு'. ஜெசிந்தா டீச்சர் மட்டும் இறங்குவதில்லை. அந்தச் சரிவில் அவரால் நடக்க முடியாது.

பழனிச்சாமி சார் கார்புரேட்டர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். காணொளிகள் பார்த்திருக்கிறார். அவர் மூச்சு விட்ட இடைவெளியில் ஜெசிந்தா டீச்சர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இந்த வருசத்தோட நான் நின்னுக்கலாம்னு இருக்கேனுங்க. பஸ்ஸுப் படி எனக்கு ஏற முடியறதில்லீங்க. இவங்க வண்டிதான். ஆனா வாராவாரம் அவங்க ரெண்டு பேரு மூச்சு வாங்க நடந்து வாரதை, உள்ள உக்காந்துட்டு கண்ணாடில பாத்துட்டே இருக்கேனுங்க. மழையிலயும் நடப்பாங்க. ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. அதான் தாங்க முடியல."

"டீச்சர், அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் பழனிச்சாமி சார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க சார். நீங்களும் உள்ளதான இருக்கீங்க."

சலீம் அண்ணன் சிரிக்கவில்லை. வெள்ளைத் துணியை எடுத்து விரித்தார்.

நால்வரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்த தொகை அது. வேறு கார் வாங்கும் நிலையில் எவரும் இல்லை. ஆகவே முதலில், வண்டி எதையெல்லாம் இழந்திருக்கிறது என்று பார்த்தோம். புதிதாக எதையும் கூட்டும் முன் இழந்ததை மீட்பது எங்கள் சட்டம். அதற்குச் செலவு குறைவு. நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஒத்திருந்தது, தேய்மானம் பெரிதில்லை. வேகம் கூடக் கூட எஞ்சினுக்குப் பொறியை முன்கூட்டியே வைக்க வேண்டும். அதைச் செய்யும் சிறிய எடைத்துண்டுகள் பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டருக்குள் துருவேறி ஒட்டிக்கிடந்தன. கழுவி எண்ணெயிட்டதும் விடுதலை அடைந்தன. சைலன்சரை ரப்பர் சுத்தியால் தட்டினேன். உள்ளே ஒரு தகடு கழன்று வழியை அடைத்துக்கொண்டு ஆடியது. அதை வெட்டித் திறந்து சரிசெய்து பற்றவைத்தோம். எஞ்சின் தன் சூட்டுக் காற்றையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. முன்முகப்பிலிருந்து ஒரு குழாயை இழுத்துக் குளிர்ந்த காற்றைக் கொடுத்தோம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஒரே வாயில் அதிகம் நுழையும்.

பின்பெட்டியைத் திறந்தபோது ஆட்டுக்கல்லின் பாதி அளவுக்கு ஒரு கருங்கல் இருந்தது.

"இது எதுக்குங்க சார்?" என்றேன்.

"முட்டுக் குடுக்கற கல்லுங்க. அந்த வளைவுல."

"வளைவுல நிக்குதுன்னு கல்லு வெச்சிருக்கீங்க. கல்லு வெச்சிருக்கறதால வளைவுல நிக்குது" என்றார் சலீம் அண்ணன். கல்லை எடுத்துவிடச் சொன்னோம். பழனிச்சாமி சார் அசையவில்லை. அது இல்லாமல் மலையேறத் தமக்கு மனம் வராது என்றார். கல் பெட்டியிலேயே இருந்தது.

அடுத்த திங்கள் போய் வெள்ளி திரும்பினார்கள். எல்லா வளைவுகளிலும் வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தது. அந்த ஒன்றில் மட்டும் பழையபடியே இறங்க வேண்டியதாயிற்று என்றார்கள். மீதமிருந்த தொகை ஒரே ஒரு பெரிய வேலைக்குத்தான் போதும். வழக்கு வைத்தோம். ஜெசிந்தா டீச்சர் நடுவர்.

பெரிய கார்புரேட்டருக்காகப் பழனிச்சாமி சாரே பேசினார். காற்றே ஆற்றல் என்று என் வாதத்தையே எடுத்து என்மேல் வீசினார். நல்ல பேச்சுதான். நான் எழுந்தேன். மலை ஏற ஏறக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றுக்குப் பெரிய வாயைத் திறந்து வைத்தால், குறைந்த வேகத்தில் அது சோம்பி நுழையும், பெட்ரோல் மட்டும் கொட்டும், கரும்புகை வரும். உயரத்தில் வேண்டியது அகன்ற வாய் அல்ல, இறுகிய பிடி. இந்த எஞ்சின் பிறந்த காலத்தில் பெட்ரோல் மட்டமாக இருந்தது. நாக்கிங்குக்கு அஞ்சி அதன் அழுத்தத்தைக் குறைவாக வைத்தார்கள். இன்றைய பெட்ரோல் அதைவிட அதிகமாகத் தாங்கும். எனவே எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, அதன் அடிமுகத்தை எந்திரத்தில் மெல்லச் சீவினால், எரியும் அறை சிறிதாகும்; அதே காற்று இன்னும் இறுக அழுத்தப்படும். பாகம் எதுவும் வாங்கவே வேண்டாம், இருப்பதில் கொஞ்சம் குறைத்தால் போதும், ஆற்றல் கூடும். குறைத்துக் கூட்டுவது என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

சலீம் அண்ணன் எதிர்த்தார். "சீவினதைத் திரும்ப ஒட்ட முடியாதுங்க. கொஞ்சம் அதிகமாச்சுன்னா மலையில கடுகு பொரியும். பொரிஞ்சுட்டே ஏறுனா பிஸ்டன்ல ஓட்டை விழும். அப்பறம் அவரு எந்த வளைவுலயும் நிக்க மாட்டாரு. பள்ளத்துலதான் நிப்பாரு."

நடுவர் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார். "கடுகு பொரியுதான்னு யாருங்க கேப்பாங்க?"

"நான் கேப்பேனுங்க. வண்டியில உக்காந்துட்டே."

"அப்பச் சீவுங்க" என்றார்.

ஹெட்டைக் கழற்றி மரப்பலகையில் தலைகீழாக வைத்தோம். நான்கு எரியறைகள் நான்கு சிறு கிண்ணங்கள்போல் தெரிந்தன. சீவும் முன் அவற்றின் கொள்ளளவை அளக்க வேண்டும். கிண்ணத்தின் விளிம்பில் கிரீஸ் தடவி, நடுவில் துளையிட்ட கண்ணாடித் தகட்டை அழுத்தி, அளவு பொறித்த பியூரெட்டிலிருந்து நிறம் கலந்த மண்ணெண்ணெயைத் துளித்துளியாக இறக்கினேன். காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா டீச்சர் இருக்கையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"குனியோணுமுங்க. கண்ணு அந்த மட்டத்துக்கு நேரா இருக்கோணும். மேல இருந்து பாத்தீங்கன்னா தப்பா வரும். எங்க பசங்களும் இதைத்தான் பண்ணுவாங்க."

அதன்பிறகு அளவுகளை அவரே படித்தார். ஒரு கிண்ணம் மற்ற மூன்றையும்விடச் சிறியதாக இருந்தது. அதன் சுவரை மெல்ல உரசி, அளந்து, மறுபடி உரசி நான்கையும் ஒன்றாக்கினோம். நான்கும் ஒரே கோட்டில் வந்து நின்றன. இத்தனை ஆண்டுகளாக ஒருவருக்கு ஒருவர் கொஞ்சம் முரண்பட்டே உழைத்த நால்வர் அன்றுதான் ஒத்துப்போனார்கள்.

பக்கத்துத் தெருப் பட்டறையிலேயே ஹெட்டைச் சீவினார்கள். கசிவைத் தடுக்கும் புதிய கேஸ்கட் வைத்துப் பூட்டும்போது சலீம் அண்ணன் எவரையும் பேசவிட மாட்டார். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக, ஒரே மூச்சில் அல்ல, படிப்படியாக இறுக்க வேண்டும். சீவியதால் வால்வு இடைவெளிகள் மாறியிருக்கும்; அவற்றை மறுபடி வைத்தோம். மெலிந்த காற்றுக்கு ஏற்பப் பெட்ரோல் துளையை ஒரு படி சிறிதாக்கினோம். கடைசியாக என் கருவி. ஒரு செப்புக் குழாயின் முனையைத் தட்டையாக்கி, துளையிட்டு, எஞ்சின் கட்டையில் போல்ட்டால் பூட்டினேன். மறுமுனையில் ரப்பர் குழாய். அது காருக்குள் வந்து என் காதில் மாட்டிய ஸ்டெதாஸ்கோப்பில் முடிந்தது.

ஒரு சனிக்கிழமைக் காலை மலைக்குப் போனோம். பழனிச்சாமி சார் ஓட்ட, பக்கத்தில் ஜெசிந்தா டீச்சர். பின்னால் உடற்பயிற்சி ஆசிரியர் மகேந்திரன், தையல் ஆசிரியை, இருவருக்கும் நடுவே நான். வண்டியின் புகையைக் கவனித்தபடி சலீம் அண்ணன் பைக்கில் வந்தார்.

"எப்பவும் ஏத்தறதைவிட ஒரு ஆளைச் சேத்து ஏத்திட்டு, இதுக்குப் பேரு டெஸ்ட்டாங்க?" என்றார் மகேந்திரன். "பரவால்லீங்க. நமக்கு அந்த வளைவுதான் வாரத்துக்கு ஒருக்கா எக்சர்சைஸு. அதையும் புடுங்கிப்போடாதீங்க."

ஸ்டெதாஸ்கோப்பை மாட்டியதும் உலகம் மறைந்துவிட்டது. காதுக்குள் நெருப்பு பேசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே, தொலைவில் கோயில் மேளம் அடிப்பதுபோல் வந்தது. அதன்மேல் வால்வுகளின் தையல் எந்திர ஓசை. அதற்கும் மேல், காற்று உள்ளே பாயும் நீண்ட இரைச்சல். வளைவுக்கு வளைவு மேளம் இறுகியது. கடுகு ஒன்றுகூடப் பொரியவில்லை. வாழ்நாளெல்லாம் வாயால் பிழைத்தவளுக்கு, வாய்மூடிக் கேட்பதில் இத்தனை பெரிய சபை திறக்கும் என்று எவரும் சொன்னதில்லை.

இறங்கும் வளைவு வந்தது. வண்டி மெல்ல நின்றுபோனது.

மகேந்திரன் கதவைத் திறந்தார். தையல் ஆசிரியை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். நானும் இறங்க வேண்டியதாயிற்று. பழனிச்சாமி சார் பிரேக்கை மிதித்துக்கொண்டு, "கல்லுங்க" என்றார். முன்னிருக்கையில் ஜெசிந்தா டீச்சர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருசத்தோடு நின்றுவிடுவது என்று அந்த நிமிடத்தில் அவர் முடிவே செய்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

சலீம் அண்ணன் பைக்கை நிறுத்தி என்னிடம் வந்து பானெட்டைக் காட்டினார். "என்ன சொன்னாருங்க?"

"அவரு ஒண்ணுமே சொல்லலீங்கண்ணா. வளைவுக்கு முன்னாடியே காத்துச் சத்தம் நின்னுபோச்சு. சார் ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டாருங்க."

பழனிச்சாமி சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, யோசித்துப் பார்க்கிறவரின் முகம். "எறங்கறவங்களுக்குச் சௌகரியமா இருக்கட்டும்னு, கொஞ்சம் முன்னாலயே மெதுவாக்கிருவனுங்க. அவங்க கதவுல கை வெச்சாச்சுன்னா நான் எப்படிங்க போறது?"

"நீங்க மெதுவாக்கறதாலதான சார் நாங்க கை வெக்கறோம்" என்றார் மகேந்திரன். "நிறுத்தப் போறீங்க, உங்களைக் கேக்க வெக்க வேண்டாமேன்னுங்க."

"நான் நிறுத்தறதே நீங்க எறங்கறதாலங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையாகவே வண்டியால் முடியாத காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. வண்டியால் முடியும் என்றான பிறகும், ஒருவர் சங்கடப்படக் கூடாதே என்று மற்றவர் முந்திக்கொண்டதால் அந்த வளைவு அப்படியே நின்றது. இந்த ஊரின் மரியாதையை நான் பல மேடைகளில் புகழ்ந்திருக்கிறேன். அது ஒரு காரையே நிறுத்தி வைத்திருந்ததை அன்றுதான் கண்டேன்.

கீழ்வளைவுக்குத் திரும்பி வந்து மறுபடி ஏறச் சொன்னார் சலீம் அண்ணன். கிளம்பும் முன் ஜெசிந்தா டீச்சர் பேசினார். திரும்பாமல், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

"சார், இந்தத் தடவை யாரும் எறங்க மாட்டாங்க. நீங்க காலை எடுக்காதீங்க. நின்னுபோச்சுன்னா நானும் எறங்கறேனுங்க. நடக்க முடியற வரைக்கும் நானும் நடக்கறேன்."

வண்டி புறப்பட்டது. நான் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வலக்கையைப் பழனிச்சாமி சாரின் தோளுக்குமேல் தூக்கிப் பிடித்தேன். கடுகு பொரிந்தால் தோளில் தட்டுவேன். தட்டினால் அவர் காலை எடுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. மகேந்திரன் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தையல் ஆசிரியை பையைக் கட்டிக்கொண்டார்.

வளைவு நெருங்கியது. காற்றின் இரைச்சல் குறையவில்லை. சாலை முகத்துக்கு நேரே எழுந்து நின்றது. மேளம் தாழ்ந்தது, கனத்தது, ஒவ்வொரு அடியும் என் நெற்றியில் விழுந்தது. அப்போது கேட்டது. ஒரு கடுகு. உடனே இன்னொன்று. என் கை இறங்கியது. அவர் சட்டையைத் தொடும் அளவுக்கு இறங்கியது. தட்டினால் எஞ்சின் பிழைக்கும், ஜெசிந்தா டீச்சர் அந்தச் சரிவில் நடப்பார். தட்டாவிட்டால் நான் வழக்காடிச் சீவ வைத்த ஹெட், தன் பிஸ்டனைத் தானே உடைக்கக் கூடும். மூன்றாவது பொரிந்தால் தட்டுவது என்று கையை அங்கேயே நிறுத்தினேன். அதுவரை நான் எடுத்த எந்த முடிவிலும் அத்தனை குறைவாக மூச்சு விட்டதில்லை.

மூன்றாவது வரவில்லை. மேளம் நிமிர்ந்தது. ஓர் அடி, இன்னோர் அடி, பிறகு ஓட்டம். கதவோரத்துப் பாறை எங்களைக் கடந்து கீழே போனது. வளைவு முடிந்து சாலை சமனான பிறகும் நெடுநேரம் அந்த நெருப்பு என் காதுக்குள் ஒரே சீராக, எதையும் கேட்காமல், எதற்கும் தயங்காமல் எரிந்துகொண்டிருந்தது. ஊதினால் அணையும் ஒரு பொறி. மலைமேல் மெலிந்துபோன காற்று. பழைய இரும்பு. அதற்குள் ஐந்து பேர். இது எப்படி ஏறுகிறது என்பதற்கு முழுக் காரணமும் எனக்குத் தெரியும். தெரிந்தும் உடல் சிலிர்த்தது.

அந்த இரண்டு கடுகுகளைச் சலீம் அண்ணனிடம் சொன்னேன். மேலே போனதும் பொறி வைக்கும் நேரத்தை ஒரு மயிரிழை பின்னுக்குத் திருப்பினார். அதன்பிறகு பொரியவில்லை. ஜெசிந்தா டீச்சர் இன்றும் அந்தப் பள்ளியில்தான் வேதியியல் நடத்துகிறார். இளைய மெக்கானிக்குகளுக்கு நான் விட்டுப்போவது இவ்வளவே: முதலில் இழந்ததை மீட்டெடுங்கள், பிறகு அளந்து கூட்டுங்கள். எல்லாம் செய்தும் வண்டி ஏறாவிட்டால், ஓட்டுபவரோடு போய் உட்காருங்கள். சென்சார் எஞ்சினைக் கேட்கும். அதில் ஏறி வரும் மனிதர்களைக் கேட்க ஒருவர் உள்ளே இருக்க வேண்டும்.

அன்று, வளைவைத் தாண்டிய அகலமான இடத்தில் பழனிச்சாமி சார் வண்டியை நிறுத்தினார். பழக்க தோஷத்தில் மகேந்திரனின் கை கதவுக்குப் போய், பாதியில் திரும்பியது. சலீம் அண்ணன் பக்கத்தில் வந்து, பைக்கிலிருந்து இறங்காமலே பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜெசிந்தா டீச்சர் ஜன்னலை இறக்கினார். அழுதிருக்கிறாரோ என்று பார்த்தேன், இல்லை.

"பாய், ஒரு உதவிங்க" என்றார். "பின்னால பொட்டியில ஒரு ஆளு உக்காந்திருக்காரு. அவரை மட்டும் எறக்கிவிட்டுருங்க."

சலீம் அண்ணன் பெட்டியைத் திறந்து கல்லை எடுத்தார். பழனிச்சாமி சார் தடுக்கவில்லை.